காதல் நாவலின் குவெரி கடிதத்தை எப்படித் திருத்துவது?

குவெரி கடிதம் என்றால், உங்கள் ஆங்கில நாவலைப் பதிப்பாளரிடம் விற்றுத் தரும்படி இலக்கிய முகவரிடம் கேட்கிற அறிமுகக் கடிதம். அதன் முதல் பந்தியை முதலில் வெட்டுங்கள். அதில் பெரும்பாலும் கல்லடிப் பாலமும் பாடும் மீனும் நிலவும் இருக்கும், இல்லாவிட்டால் "சிறுவயது முதலே எழுத்தில் ஆர்வம்" என்று இருக்கும். லண்டனிலோ நியூயோர்க்கிலோ இருந்து உங்கள் மின்னஞ்சலைத் திறக்கிற இலக்கிய முகவருக்கு இதெல்லாம் தேவையில்லை. இரண்டு பேர் யார், அவர்கள் ஏன் சேரமுடியாது, இதைத்தான் அவர் தேடுகிறார்.

இப்படி ஒரு பந்தி வைத்திருக்கிறீர்கள் என்று வைப்போம்: "களுவாஞ்சிக்குடி நிலானி துணிச்சலான பெண். அவள் வாழ்வில் சுதன் வருகிறான். காதலுக்கும் குடும்பத்துக்கும் நடுவே அவளின் போராட்டமே இக்கதை." களுவாஞ்சிக்குடியை எடுத்துவிட்டு வேறு எந்த ஊரைப் போட்டாலும் இது அப்படியே பொருந்தும். என்ன போராட்டம் என்று சொல்லவே இல்லையே. எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகும், மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார். இந்த வழக்கத்தை விளக்கிக்கொண்டு நிற்காமல் கதையின் தடையாகவே வையுங்கள்:

"உத்தியோக மாப்பிள்ளை பேசி முடித்தாயிற்று, நிலானிக்குச் சீதன வீடு எழும்புகிறது. அவள் விரும்புவதோ அந்த வீட்டைக் கட்டுகிற மேசன் சுதனை. அவனுக்கு இந்தக் கூலியில்தான் கட்டாருக்கு டிக்கெட், ஆகவே வேலையை இழுத்தடிக்கவும் முடியாது. அவள் மறுத்தால், மாப்பிள்ளையின் தங்கச்சிக்கும் அவளின் அண்ணனுக்கும் பேசிவைத்த கலியாணமும் குழம்பும். மறுக்காவிட்டால், சுதன் கட்டிய அறையில் இன்னொருவனோடு வாழவேண்டும்."

இப்போது சீதனம் என்றால் என்ன என்று தெரியாதவருக்கும் விஷயம் விளங்கும். சுதனுக்கும் ஓர் ஆசை, ஓர் அவசரம் இருப்பதைக் கவனியுங்கள், ஏனென்றால் காதல் நாவலில் ஆண் வெறும் பரிசுப்பொருள் இல்லை, இருவர் பக்கமும் ஒரு வரியாவது வேண்டும். பெயர்கள் இரண்டே போதும். மாமி, மச்சாள், பக்கத்து வீட்டுக்காரர் எல்லாரும் நாவலுக்குள்ளேயே இருக்கட்டும். இந்தச் சிக்கலோடு நிறுத்துங்கள், முடிவைச் சொல்வதற்குக் கதைச்சுருக்கம் என்று தனியாகக் கேட்பார்கள்.

ஆனால் முடிவு என்ன என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும். ஆங்கிலப் பதிப்புலகில் ரொமான்ஸ் என்று விற்கிற நாவலில் இருவரும் சேர்ந்தே ஆகவேண்டும். நம் ஆக்களுக்குக் கடைசி அத்தியாயத்தில் யாராவது ஒருவரைச் சாகடிக்காமல் கை ஓயாது. அப்படித்தான் முடித்திருக்கிறீர்கள் என்றால் கடிதத்தில் ரொமான்ஸ் என்று போடவேண்டாம்.

அப்புறம் விபரங்கள். தலைப்பு, வகை, ஆங்கிலப் பிரதியின் சொல் எண்ணிக்கை (சமகாலக் காதல் நாவலுக்கு 70,000 முதல் 90,000 வரை வழக்கம்), இதே வாசகர்களுக்குப் பிடிக்கக்கூடிய, அண்மையில் வந்த இரண்டு நாவல்கள். ஐம்பது வருடப் பழைய நூலையோ உலகமே அறிந்த நூலையோ போடாதீர்கள். உங்களைப் பற்றி இரண்டு வரி போதும். படித்த பட்டங்களை வரிசையாக அடுக்குவதைவிட, சீதன வீடுகளுக்கு நடுவே வளர்ந்தவர் என்பது இந்த நாவலுக்கு அதிகம் உதவும். எல்லாம் சேர்த்து 250 முதல் 350 சொற்கள், ஒரு பக்கம். முகவரின் இணையப்பக்கத்தில் நாவலில் எத்தனை பக்கம் அனுப்பவேண்டும் என்று இருக்கும், அதன்படி மட்டும் அனுப்புங்கள். கேட்காத கோப்பை இணைத்தால் பலர் திறக்கவே மாட்டார்கள். வாசிக்கவே காசு கேட்கிறவரை அப்படியே விட்டுவிடுங்கள், நல்ல முகவர் புத்தகம் விற்ற பிறகுதான் தன் பங்கை எடுப்பார், வழக்கமாக 15 சதவீதம்.

தமிழில் எழுதியிருந்தால் பெரும்பாலும் முகவர் இல்லாமல் நேராகப் பதிப்பாளருக்கே அனுப்புவோம், அந்தக் கடிதத்திலும் மேலே உள்ள பந்தியை அப்படியே வைக்கலாம்.

எல்லாருக்கும் ஒரே நாளில் அனுப்பாதீர்கள். முதலில் ஐந்தாறு பேருக்குத் தனித்தனியாக அனுப்பிப் பாருங்கள். ஒருவர்கூட மேலதிக அத்தியாயம் கேட்கவில்லை என்றால், மீதிப் பேருக்கு அனுப்ப முன்னர் கதைப் பந்தியை மாற்றுங்கள்.