வால்வு ப்ரீஆம்புக்கு ஏற்ற பவர் ஆம்ப்: வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

வால்வு (கண்ணாடிக் குழாய்) ப்ரீஆம்ப், அதாவது சிடி ப்ளேயர் போன்றவற்றின் சிக்னலை வாங்கிப் பவர் ஆம்புக்கு அனுப்பும் கருவி, வாங்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்த வால்வு நல்லது?" என்றுதான். பெங்களூருவில் இந்தக் கேள்விக்கு மவுசு கொஞ்சம் அதிகம். ஒரு காலத்தில் ஜாலஹள்ளி பி.இ.எல். (பாரத் எலக்ட்ரானிக்ஸ்) தொழிற்சாலையிலேயே வால்வுகள் தயாராயின. அந்தப் பழைய சரக்கைத் தேடுகிறவர்கள் இன்றும் உண்டு. தேடட்டும், தப்பில்லை. ஆனால் ப்ரீஆம்பும் ஸ்பீக்கரை இயக்கும் பவர் ஆம்பும் ஒத்துப் போகவில்லை என்றால் எந்த வால்வைச் செருகினாலும் பாட்டு சோகையாகத்தான் கேட்கும். ஒத்துப் போகுமா என்பதைக் காசு கொடுக்கும் முன்பே தாளில் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

படி 1: எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்

ப்ரீஆம்பில் மூன்று எண்கள் வேண்டும்: அவுட்புட் இம்பீடன்ஸ் (இம்பீடன்ஸ் என்றால் சிக்னலுக்கு உள்ள மின்தடை), கெயின் (சிக்னலை எத்தனை மடங்கு பெருக்குகிறது என்பது), அவுட்புட்டில் உள்ள கப்ளிங் கெப்பாசிட்டரின் மதிப்பு. பவர் ஆம்பில் இரண்டு: இன்புட் இம்பீடன்ஸ், இன்புட் சென்சிடிவிட்டி (முழு சத்தத்துக்கு இன்புட்டில் வேண்டிய வோல்ட்). கெப்பாசிட்டர் மதிப்பு பெரும்பாலும் கையேட்டில் இருக்காது. தயாரித்தவரிடமோ விற்பவரிடமோ கேளுங்கள். மூடியைத் திறந்து நீங்களே பார்க்கப் போக வேண்டாம். உள்ளே 200, 300 வோல்ட் டிசி இருக்கும். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் அது கொஞ்ச நேரம் தங்கும்.

படி 2: பத்து மடங்கு இருக்கிறதா?

பவர் ஆம்பின் இன்புட் இம்பீடன்ஸ், ப்ரீஆம்பின் அவுட்புட் இம்பீடன்ஸைப் போல குறைந்தது பத்து மடங்கு இருக்க வேண்டும். பத்து மடங்கு இருந்தால் சிக்னலில் ஒரு டெசிபெல்லுக்கும் குறைவாகத்தான் இழப்போம். 5 கிலோ ஓம் ப்ரீஆம்பை 10 கிலோ ஓம் பவர் ஆம்பில் மாட்டினால் மூன்றில் ஒரு பங்கு வோல்டேஜ் போய்விடும்.

டிரான்சிஸ்டர் ப்ரீஆம்ப்களில் இந்தக் கவலை அவ்வளவாக வராது. அவற்றின் அவுட்புட் சில நூறு ஓமுக்குள் அடங்கிவிடும். வால்வில் அப்படிச் சொல்ல முடியாது. 12ஏஎக்ஸ்7 வால்வின் ப்ளேட் என்ற முனையிலிருந்து நேரடியாக அவுட்புட் எடுத்தால், வழக்கமான 100 கிலோ ஓம் ப்ளேட் ரெசிஸ்டருடன் அது 40 கிலோ ஓமை ஒட்டி வரும். அதுவே 12ஏயூ7 வால்வைக் கேத்தோடு ஃபாலோயராக (கேத்தோடு என்ற முனையிலிருந்து அவுட்புட் எடுக்கும் முறை) வைத்திருந்தால் 500 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். வெளியே இரண்டும் ஒரே மாதிரி பளபளப்பான பெட்டிதான்.

பவர் ஆம்ப் பக்கம் பார்த்தால், வால்வு பவர் ஆம்ப்களில் 100 கிலோ ஓம் சாதாரணம். டிரான்சிஸ்டர் வகையில் 47, 22 என்று இறங்கும். சில கிளாஸ் டி ஆம்ப்களில் 10 கிலோ ஓம்தான். இப்போது பலர் வாங்குவது சின்னதாக, சூடாகாத கிளாஸ் டி என்பதால், சிக்கலும் அங்கேதான் அதிகம் வருகிறது.

படி 3: கெப்பாசிட்டர் கணக்கு

இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் முக்கியமே இதுதான்.

வால்வு ப்ரீஆம்பின் உள்ளே இருக்கும் உயர் டிசி வோல்டேஜ் வெளியே வராமல் தடுக்க அவுட்புட்டில் ஒரு கெப்பாசிட்டர் இருக்கும். அது பவர் ஆம்பின் இன்புட்டோடு சேர்ந்து ஒரு வடிகட்டியாகி, தாழ்ந்த ஒலிகளைக் குறைத்துவிடும். எந்த இடத்திலிருந்து குறைகிறது என்பதற்கு ஒரு சுலபமான கணக்கு: 159ஐ, கிலோ ஓமில் இன்புட் இம்பீடன்ஸ், மைக்ரோ ஃபாரடில் கெப்பாசிட்டர் ஆகிய இரண்டையும் பெருக்கி வரும் எண்ணால் வகுங்கள். விடை ஹெர்ட்ஸில் வரும். அந்த அதிர்வெண்ணில் 3 டெசிபெல் குறைந்திருக்கும். அதற்குக் கீழே போகப் போக இன்னும் சரியும்.

0.22 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர், 100 கிலோ ஓம் பவர் ஆம்ப் என்றால் 7 ஹெர்ட்ஸ். கவலையே இல்லை. அதே ப்ரீஆம்பை 10 கிலோ ஓம் கிளாஸ் டியில் மாட்டினால் 72 ஹெர்ட்ஸ்! அல்சூரில் தெரிந்த தம்பி ஒருவர் இப்படித்தான் மாட்டிவிட்டு, "அண்ணா, மிருதங்கத்துல வலந்தலை நல்லா கேக்குது, தொப்பி மட்டும் சப்புனு இருக்கு" என்றார். தொப்பிதான் மிருதங்கத்தின் தாழ்ந்த ஒலிப் பக்கம். ஸ்பீக்கரை மாற்றலாமா என்று வேறு யோசித்துக்கொண்டிருந்தார். கெப்பாசிட்டரை 2.2 மைக்ரோ ஃபாரடாக மாற்றினால் அதே 10 கிலோ ஓமில் 7 ஹெர்ட்ஸுக்கு வந்துவிடும். அதைத் தெரிந்த டெக்னீஷியனிடம் கொடுத்துச் செய்யுங்கள். வோல்டேஜ் ரேட்டிங் அங்கே விளையாட்டு இல்லை.

விடை 5 ஹெர்ட்ஸுக்குக் கீழே வந்தால் நிம்மதியாக வாங்கலாம். 10 வரை பெரும்பாலானோர் காதுக்குத் தெரியாது. கையேட்டில் அவுட்புட் இம்பீடன்ஸ் 600 ஓம் என்று அழகாகப் போட்டிருப்பார்கள். அது பொதுவாக 1 கிலோ ஹெர்ட்ஸில் அளந்தது. 1 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் மட்டுமே 20 ஹெர்ட்ஸில் 8 கிலோ ஓம் தடை தரும் என்பது அந்த எண்ணில் தெரியாது. அதனால்தான் கெப்பாசிட்டர் மதிப்பைக் கேட்டு வாங்கச் சொல்கிறேன்.

படி 4: கெயின் அளவோடு இருக்கட்டும்

50 வாட் பவர் ஆம்புக்கு 8 ஓம் ஸ்பீக்கரில் முழு சத்தம் கொடுக்க 20 வோல்ட் வேண்டும். அதன் கெயின் 20 மடங்கு, அதாவது 26 டெசிபெல் என்றால், இன்புட்டில் 1 வோல்ட் போதும். சிடி ப்ளேயரோ டிஏசியோ (டிஜிட்டல் பாட்டை அனலாக் சிக்னலாக மாற்றும் கருவி) பொதுவாக 2 வோல்ட் தருகிறது. தேவையைப் போல இரண்டு மடங்கு ஏற்கெனவே கையில் இருக்கிறது. இதற்கு நடுவில் 10 மடங்கு கெயின் உள்ள ப்ரீஆம்பை வைத்தால் என்ன ஆகும்? வால்யூம் குமிழைக் கொஞ்சம் திருப்பினாலே வீடு அதிரும். ராத்திரியில் மெதுவாகக் கேட்கவே முடியாது. குமிழின் அடிப்பகுதியில் இடது வலது சமநிலையும் பல சமயம் சரியாக இருக்காது. வால்வின் இரைச்சல் வேறு ஸ்பீக்கரில் கேட்கும்.

டிஜிட்டல் கருவிகளோடு கேட்பவர்களுக்கு 2 முதல் 4 மடங்கு கெயின் தாராளம். ஏற்கெனவே அதிக கெயின் ப்ரீஆம்ப் வாங்கியாயிற்றா? சரி, பவர் ஆம்ப் முனையில் ஒரு அட்டெனுவேட்டர் (சிக்னலைக் குறைக்கும் சின்ன சர்க்யூட்) போடலாம். சேனலுக்கு இரண்டே ரெசிஸ்டர்: சிக்னல் வழியில் 22 கிலோ ஓம், அதன் பிறகு பவர் ஆம்ப் பக்கத்தில் சிக்னலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 10 கிலோ ஓம். எஸ்.பி. ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் ஒரு சதவீத மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டராகக் கேட்டு வாங்குங்கள். 47 கிலோ ஓம் பவர் ஆம்போடு இது 11 டெசிபெல் குறைக்கும். ப்ரீஆம்பின் இரைச்சலும் சேர்ந்தே குறையும். ஆனால் இப்போது ப்ரீஆம்புக்குத் தெரிவது 47 அல்ல, 30 கிலோ ஓம். எனவே 2, 3 படிகளின் கணக்கை 30 வைத்து மறுபடி போடுங்கள்.

12ஏஎக்ஸ்7ஐக் கழற்றிவிட்டு 12ஏயூ7 போட்டால் கெயின் குறையுமே என்பார்கள். பின்கள் ஒன்றுதான், கெயினும் குறையும். ஆனால் சர்க்யூட்டின் பயாஸ் (வால்வு ஓடும் மின்நிலை) 12ஏஎக்ஸ்7க்காகக் கணக்கிட்டது. செய்தவரைக் கேட்காமல் மாற்றாதீர்கள்.

படி 5: மாட்டும் முன் மல்டிமீட்டர்

பழைய ப்ரீஆம்ப் என்றால் இதைத் தவிர்க்கவே கூடாது. பவர் ஆம்பை இணைக்காமல் ப்ரீஆம்பை மட்டும் ஆன் செய்து சில நிமிடம் சூடாக விடுங்கள். அவுட்புட் சாக்கெட்டின் நடுப்பகுதிக்கும் வெளி வளையத்துக்கும் இடையே டிசி வோல்டேஜ் பாருங்கள். பூஜ்யத்தை ஒட்டி நிற்க வேண்டும். 50 மில்லிவோல்ட் என்று நின்றால் கெப்பாசிட்டர் கசிகிறது என்று சந்தேகப்படுங்கள். இன்புட்டில் கெப்பாசிட்டர் இல்லாத பவர் ஆம்ப் அதை 20 மடங்காக்கி, ஒரு முழு வோல்ட் டிசியை ஸ்பீக்கருக்குள் தள்ளும்.

அமெரிக்காவிலிருந்து யாராவது கொண்டுவந்து விற்பது என்றால் பின்பக்கத்தையும் பாருங்கள். 120 வோல்ட் என்று இருந்தால் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் நம் 230 வோல்ட்டில் செருகக் கூடாது.

படி 6: ஆன், ஆஃப் வரிசை

முதலில் ப்ரீஆம்ப். ஒரு நிமிடம் கழித்து பவர் ஆம்ப். அணைக்கும்போது பவர் ஆம்ப் முதலில், அப்புறம் ப்ரீஆம்ப். வால்வு சூடாகும்போது அவுட்புட் கெப்பாசிட்டர் சார்ஜ் ஆகி ஒரு பெரிய துடிப்பைத் தள்ளும். பவர் ஆம்ப் விழித்திருந்தால் அது 'டம்' என்று வூஃபரில் இறங்கும். சில ப்ரீஆம்ப்களில் இதைத் தடுக்க ரிலே (தானாக இயங்கும் ஸ்விட்ச்) உண்டு. உங்களுடையதில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

நம் ஊர் கரண்ட் கட்டையும் கணக்கில் வைக்க வேண்டும். பாடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால், உடனே எழுந்து பவர் ஆம்பின் ஸ்விட்சை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் திரும்ப வரும்போது இரண்டும் ஒன்றாக ஆன் ஆகும். யுபிஎஸ் வைத்திருந்தால், ப்ரீஆம்பை அதிலும் பவர் ஆம்பை மெயினிலும் மாட்டினாலே இந்தத் தொல்லை பெருமளவு தீரும். அப்படி மாட்டிய பிறகு ஸ்பீக்கரில் ஹம் ('ஊம்' என்ற தாழ்ந்த இரைச்சல்) கேட்டால், எர்த் பின்னைக் கழற்றிச் சரிசெய்ய நினைக்காதீர்கள். இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டுக்கு மாற்றிவிட்டு, கரண்ட் போனால் கையால் அணைப்பதே மேல்.