உங்கள் பகுதியில் பசியைக் குறைக்க: எங்கிருந்து தொடங்குவது?

பசித்தவர்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியதும் பலரும் அடுப்பைத்தான் பற்றவைக்கிறார்கள். நல்ல மனசுதான். ஆனாலும் முதலில் ஒரு நோட்டும் பேனாவும் எடுங்கள். பல இடங்களில் உதவி ஏற்கெனவே இருக்கிறது. தேவைப்படுகிறவர் கைக்கு அது போய்ச் சேர்வதில்லை.

1. இருப்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்

அரசுத் திட்டங்கள், பள்ளி உணவு, வழிபாட்டு இடங்கள், உணவு வங்கிகள் (மிஞ்சும் உணவுப் பொருட்களைச் சேர்த்து இல்லாதவர்களுக்குக் கொடுக்கும் இடங்கள்) என உங்கள் பகுதியில் உணவு தருபவர்களை ஒவ்வொன்றாக எழுதுங்கள். எந்த நாள், என்ன நேரம், யாருக்குத் தருவார்கள், என்ன ஆவணம் கேட்பார்கள் என்பதும் வேண்டும். நேரில் போய்ப் பார்த்தோ போனில் கேட்டோ எழுதுங்கள். உங்கள் பட்டியலை நம்பிப் பசியோடு போனவர் பூட்டிய கதவைப் பார்த்தால், இரண்டாவது முறை கிளம்பவே மாட்டார். எல்லாம் ஒரே பக்கத்தில், பெரிய எழுத்தில் இருக்கட்டும். மேலே தேதி போடுங்கள். மாதம் ஒருமுறை சரிபாருங்கள்.

2. பக்குவமாகக் கேளுங்கள்

"சாப்பாட்டுக்குக் கஷ்டமா?" என்று நேராகக் கேட்டால் யாரும் ஆமாம் என்று சொல்ல மாட்டார்கள். அமெரிக்காவில் குழந்தை மருத்துவர்கள் பெற்றோரிடம் கேட்கும் இரண்டு கேள்விகள் இங்கே உதவும். கடந்த 12 மாதங்களில், கையில் பணம் வருவதற்குள் உணவு தீர்ந்துவிடுமோ என்று கவலைப்பட்டது உண்டா? வாங்கி வைத்தது தீர்ந்து, மறுபடி வாங்கப் பணமில்லாமல் போனது உண்டா? இரண்டில் ஒன்றுக்கு "சில நேரம்" என்று பதில் வந்தாலே உதவி தேவை என்று எடுத்துக்கொள்ளலாம். தனியாக இருக்கும்போது மட்டும் கேளுங்கள்.

அப்புறம், என்ன செய்தால் உதவியாக இருக்கும் என்றும் அவர்களிடமே கேளுங்கள். அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரில் ஜான் வான் ஹெங்கல் 1967இல் தொடங்கியதைத்தான் உலகின் முதல் உணவு வங்கி என்கிறார்கள். கடைக்குப் பின்னால் வீசியதை எடுத்துவந்து பிள்ளைகளுக்குச் சோறு போட்ட ஒரு தாய் சொன்ன யோசனை அது.

3. கூடவே போங்கள்

எனக்குத் தெரிந்து பெரிய வேலை இதுதான். முகவரியைக் கொடுத்துவிட்டால் முடிந்தது என்று நானும் முன்பு நினைத்தேன். ஒரு பாட்டி உதவிக்கான விண்ணப்பத்தை மூன்று மாதமாக பிளாஸ்டிக் கவரில் மடித்து வைத்திருந்தார். எல்லாக் கட்டங்களையும் அழகாக நிரப்பியிருந்தார். போன் நம்பர் கட்டம் மட்டும் காலி. "என்கிட்ட போன் இல்லையே கண்ணு, அதான் கொடுக்கல" என்றார். அவரை அழைத்துப்போய் விசாரித்தோம். பக்கத்து வீட்டு நம்பரே போதும் என்றார்கள். அன்றைக்கே விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டார்கள்.

இந்த மாதிரி சின்னக் கட்டத்தில்தான் பலர் நின்றுபோகிறார்கள். படிவத்தை உடன் உட்கார்ந்து நிரப்புங்கள். ஆவணங்களின் நகல் எடுத்துக் கொடுங்கள். முதல் முறை வரிசையில் பக்கத்தில் நில்லுங்கள்.

4. உணவும் கொடுக்கிறீர்களா?

சரி, அப்படியானால் சூடு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். 5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் நடுவில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். சமைத்ததை வெளியில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. சூடாகக் கொடுப்பதென்றால் 60 டிகிரிக்கு மேலேயே வைத்திருங்கள். மறுபடி சூடாக்கினால் உள்ளே 70 டிகிரி தாண்ட வேண்டும். பொட்டலத்தின் மேல் சமைத்த நேரத்தை எழுதுங்கள். பால், முட்டை, கடலை, கோதுமை சேர்ந்திருந்தால் அதையும் எழுதுங்கள். சிலருக்கு ஒவ்வாமை இருக்கும்.

5. மானம் காத்துக் கொடுங்கள்

போட்டோ வேண்டாம். பெயரைச் சத்தமாகக் கூப்பிட வேண்டாம். முடிந்தால் பொருட்களை மேசையில் பரப்பி, வேண்டியதை அவர்களே எடுத்துக்கொள்ளட்டும். வீட்டில் யார் எதைச் சாப்பிடுவார்கள் என்று அவர்களுக்குத்தானே தெரியும்! பொருளும் வீணாகாது.

6. ஒரு வாரம் கழித்து விசாரியுங்கள்

"போனீர்களா, கிடைத்ததா?" இவ்வளவு கேட்டால் போதும். கிடைக்கவில்லை என்றால் காரணத்தை நோட்டில் அந்த இடத்தின் பெயருக்கு எதிரே எழுதிவிட்டு, அடுத்த முறை அவரோடு நீங்களும் கிளம்புங்கள்.