சும்மா இருக்கும் கணினியில் ஹார்ட் டிஸ்க் ஏன் ஓடிக்கொண்டே இருக்கிறது? கண்டுபிடிக்கும் வழி

டீ போட எழுந்து போனால் போதும், மேசைக்கு அடியில் ஹார்ட் டிஸ்க் கரகரவென்று ஓட ஆரம்பித்துவிடும். திரும்பி வந்து மவுஸைத் தொட்டதும் அடங்கிவிடும். மூன்று வாரம் இதே கதை. விண்டோஸ் 10, 4 ஜிபி ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க் உள்ள பழைய கணினி. வைரஸ் என்றார் ஒருவர், டிஸ்க் சாகப்போகிறது என்றார் இன்னொருவர். இரண்டும் இல்லை. விடை கிடைத்த வழியை இங்கே எழுதுகிறேன். விண்டோஸ் 11 வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

தொடங்கும் முன் ஒரு வேண்டுகோள். இணையத்தில் தேடினால் முதலில் கண்ணில் படுவது "சிஸ்மெயினை நிறுத்துங்கள், விண்டோஸ் சர்ச்சை நிறுத்துங்கள்" என்ற யோசனைதான். இரண்டையும் நிறுத்திப் பார்த்தேன். சத்தம் குறையவில்லை, கோப்பு தேடுவதுதான் மந்தமானது. சிஸ்மெயின் என்பது, அடிக்கடி பயன்படுத்தும் நிரல்களை முன்கூட்டியே ராமில் ஏற்றி வைக்கும் விஸ்டா காலத்து சூப்பர்ஃபெட்ச்சின் புதுப் பெயர், அவ்வளவுதான். எது ஓடுகிறது என்று தெரியாமல் எதையும் நிறுத்தாதீர்கள்.

படி 1: ரிசோர்ஸ் மானிட்டரைத் திறங்கள்

டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போனால், கீழே (புதிய விண்டோஸ் 11-இல் மேலே மூன்று புள்ளிகளுக்குள்) ஓப்பன் ரிசோர்ஸ் மானிட்டர் என்று இருக்கும். அதில் டிஸ்க் பகுதிக்குப் போய், டிஸ்க் ஆக்டிவிட்டி என்ற பட்டியலை விரியுங்கள். டோட்டல் என்ற தலைப்பைச் சொடுக்கினால் அதிகம் படிப்பதும் எழுதுவதும் மேலே வந்துவிடும்.

டாஸ்க் மேனேஜர் மட்டும் போதாதா என்றால், போதாது. அது நிரலின் பெயரோடு நின்றுவிடும். 'சிஸ்டம்' என்று காட்டினால் அதை வைத்து என்ன செய்வது? ரிசோர்ஸ் மானிட்டர் எந்தக் கோப்பு என்று முழுப் பாதையோடு சொல்லும். ப்ராசஸ் மானிட்டர் என்ற மைக்ரோசாஃப்ட்டின் தனிக் கருவி இன்னும் ஆழமாகக் காட்டும். ஆனால் சில நொடிகளிலேயே லட்சக்கணக்கான வரிகளைக் கொட்டும் என்பதால், புதியவர்களுக்கு நான் அதைச் சொல்வதில்லை.

படி 2: கையை எடுத்துவிட்டு உட்காருங்கள்

மூன்று வாரம் நான் சிக்கியிருந்தது இந்த இடத்தில்தான். சத்தம் கேட்டதும் ஓடிவந்து டாஸ்க் மேனேஜரைத் திறப்பேன். எல்லாம் பூஜ்ஜியம். ஏதோ ஒளிந்துகொள்கிறது என்றே நினைத்தேன்.

காரணம் எளிமையானது. விண்டோஸில் ஆட்டோமேட்டிக் மெயின்டனன்ஸ் என்று ஒன்று உண்டு. டிஸ்க்கைச் சீரமைப்பது, வைரஸ் சோதனை, அப்டேட் போன்ற வேலைகளை, யாரும் கணினியைத் தொடாத நேரம் பார்த்துச் செய்யும். நீங்கள் மவுஸை அசைத்ததும் வழிவிட்டு ஒதுங்கும். விண்டோஸ் 10-இல் இதற்கு வழக்கமாகக் குறிக்கப்பட்ட நேரம் அதிகாலை 2 மணி. நம்மில் பலரும் இரவில் கணினியை அணைத்துவிட்டுத்தானே படுக்கிறோம்? அப்படித் தவறிப்போன வேலை, மறுநாள் நீங்கள் டீ குடிக்கப் போகும் நேரத்துக்குக் காத்திருக்கிறது.

அதனால் ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்து வைத்துவிட்டு, விசைப்பலகையையும் மவுஸையும் தொடாமல் பத்துப் பதினைந்து நிமிடம் தள்ளி உட்கார்ந்து பாருங்கள். எனக்குப் பன்னிரண்டாவது நிமிடத்தில் தெரிந்தது: விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான டிஃபெண்டர், எங்கள் வீட்டுக் கல்யாணப் படங்களை ஜிப் செய்து வைத்திருந்த கோப்புறையை ஒவ்வொன்றாகத் திறந்து படித்துக்கொண்டிருந்தது. பாதியில் நான் வந்து மவுஸைத் தொட்டுக் கெடுத்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

அதே பட்டியலில் ஐ/ஓ பிரையாரிட்டி என்ற பத்தியையும் பாருங்கள். 'பேக்கிரவுண்ட்' என்று இருந்தால், உங்கள் வேலைக்கு வழிவிடும் வகை. பயப்பட வேண்டாம்.

படி 3: பெயருக்கு ஏற்ற தீர்வு

மெயின்டனன்ஸ்தான் காரணம் என்றால் கன்ட்ரோல் பேனலில் செக்யூரிட்டி அண்ட் மெயின்டனன்ஸ் போய், நேரத்தை மாற்றுங்கள். நான் மதியம் 1 மணி வைத்திருக்கிறேன், சாப்பாட்டு நேரம். முதல் நாள் ஸ்டார்ட் மெயின்டனன்ஸ் அழுத்திவிட்டு, முடியும்வரை விட்டுவிட்டேன். அன்றோடு டீ நேரச் சத்தம் நின்றது.

சர்ச் இன்டெக்ஸர் (தேடலுக்காகக் கோப்புகளைப் பட்டியலிடும் நிரல்) மேலே இருந்தால், இன்டெக்ஸிங் ஆப்ஷன்ஸில் இன்னும் எண்ணிக்கை ஏறுகிறதா என்று பாருங்கள். புதிதாக நிறையக் கோப்புகளைப் போட்டிருந்தால் முடியட்டும் என்று விடுவதே நல்லது. தேடவே மாட்டீர்கள் என்ற கோப்புறையை நீக்கிவிடலாம்.

பேஜ்ஃபைல் (ராமுக்குத் துணையாக விண்டோஸ் டிஸ்க்கில் வைத்திருக்கும் கோப்பு) மேலே இருந்தால் ராம் போதவில்லை. எந்த அமைப்பை மாற்றினாலும் தீராது; பிரவுசர் தாவல்களை மூடுங்கள், முடிந்தால் ராம் கூட்டுங்கள்.

டிஃபெண்டர் படிக்கும் கோப்புறைக்கு, சோதிக்காமல் விடும்படி விலக்கு கொடுக்கலாமா? சொந்தப் படங்களுக்குக் கொடுக்கலாம். டவுன்லோட்ஸ் கோப்புறைக்கு ஒருபோதும் கொடுக்காதீர்கள்.

பின்சேர்க்கை 1: "டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதம் காட்டுகிறது, ஆனால் வேகம் நொடிக்கு 0.3 எம்பிதான், டிஸ்க் போய்விட்டதா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். அவசியம் இல்லை. நிமிடத்துக்கு 7200 முறை சுற்றும் டிஸ்க் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிநொடி எடுக்கும். படிக்க வேண்டிய இடம் முள்ளுக்கு (டிஸ்க்கைப் படிக்கும் தலைப்பகுதி) கீழே வர, சராசரியாக அதில் பாதி நேரம் ஆகும். முள் நகரும் நேரத்தையும் சேர்த்தால், சிதறிக் கிடக்கும் துண்டுகளில் நொடிக்கு எண்பது அளவில்தான் எடுக்க முடியும். துண்டுக்கு 4 கேபி என்றால் மொத்தம் 320 கேபி. நல்ல டிஸ்க்கே இந்த வேகத்தில் 100 காட்டும்.

கவலைப்பட வேண்டியது ரெஸ்பான்ஸ் டைம், அதாவது கேட்டதற்கு டிஸ்க் பதில் தர எடுக்கும் நேரம். அது ஆயிரக்கணக்கான மில்லிநொடியிலேயே நின்றால் டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ நிரலை ஓட்டுங்கள். பழுதான இடங்களைக் குறிக்கும் 05, பழுது என்று சந்தேகிக்கப்படும் இடங்களைக் குறிக்கும் சி5 ஆகிய வரிகளில் பூஜ்ஜியம் இல்லாவிட்டால் வேறெதையும் செய்யும் முன் கோப்புகளைப் பிரதி எடுங்கள். தரவு போகும் வழியில் ஏற்படும் பிழைகளை எண்ணும் சி7 மட்டும் ஏறினால் பெரும்பாலும் சாட்டா கேபிள்தான், மாற்றிப் பாருங்கள். அந்த எண்கள் பதினாறடிமானத்தில் இருக்கும். ஃபங்ஷன் மெனுவில் பத்தடிமானத்துக்கு மாற்றிக்கொண்டு படியுங்கள்.

பின்சேர்க்கை 2: லேப்டாப்பில் பதினைந்து நிமிடம் காத்திருந்தும் எதுவும் நடக்கவில்லை என்றார்கள். சார்ஜரைச் செருகுங்கள். பேட்டரியில் இருக்கும்போது மெயின்டனன்ஸ் ஓடாது.

பின்சேர்க்கை 3: சத்தம் கேட்கிறது, ரிசோர்ஸ் மானிட்டரில் ஒன்றுமே இல்லை, கணினியின் முன்பக்க டிஸ்க் விளக்கும் மினுக்கவில்லை என்று ஒருவர். டிஸ்க் எஸ்எம்ஆர் வகையா என்று மாடல் எண்ணை வைத்துப் பார்க்கச் சொன்னேன், ஆமாம் என்றார். அதில் ஓடுகள் போலத் தடங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கும். எழுதியதை டிஸ்க்கே பிறகு தனக்குள் அடுக்கிக்கொள்ளும், அது விண்டோஸுக்குத் தெரியாது. அவர் முந்தைய நாள் 200 ஜிபி வீடியோவை அதில் ஏற்றியிருந்தார். கணினியை அணைக்காமல் சில மணி நேரம் விட்டதும் சத்தம் நின்றது.