கொப்பியை மூடிவிட்டு எழுதிப் பாருங்கள்

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் பிள்ளைகள் பலர் கொப்பியைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறார்கள். அந்த உழைப்பு வீணாகக் கூடாது. வாசித்ததும் கொப்பியை மூடுங்கள்; நினைவில் உள்ளதை வெற்றுத்தாளில் எழுதுங்கள். பிறகு திறந்து, விடுபட்டதைச் சேருங்கள்.

அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மீண்டும் மீண்டும் வாசித்த மாணவர்களே முந்தினார்கள். ஒரு வாரத்தின் பின்னரோ அவர்களுக்கு நினைவிருந்தது சுமார் 40 சதவீதம்தான். வாசித்தபின் மூன்று தடவை நினைவிலிருந்து எழுதியவர்களுக்கு 61 சதவீதம். எவ்வளவு பெரிய வித்தியாசம்!

கடந்தகால வினாத்தாள்களையும் கடைசி வாரத்துக்கென்று சேர்த்து வைக்காதீர்கள். பாடம் முடிந்து சில நாள் விட்டு, அந்தப் பகுதிக் கேள்விகளை விடை பார்க்காமல் செய்யுங்கள்.