ஏர் ரைஃபிள் பயிற்சிக்குத் தோட்டத்துத் தடுப்பு: என் அனுபவம்

காற்றுத் துப்பாக்கியின் குண்டைத் தடுத்து நிறுத்த முதலில் வைத்தது வண்டல் களிமண் நிரப்பிய சாக்கு. டெல்டா களிமண் ஐப்பசி மழையில் சேறு, சித்திரை வெயிலில் கல். காய்ந்த மண்ணில் பட்ட ஈயக் குண்டு திரும்பித் தெறித்தது. வெறும் பலகையும் அப்படித்தான்.

இப்போது இருப்பது மரப்பெட்டி: ஒன்றரை அடிச் சதுரம், ஆழம் 10 அங்குலம். உள்ளே பின்பக்கம் 3 மி.மீ. இரும்புத் தகடு, மேல்விளிம்பு சுடுபவர் பக்கம் சாய்ந்தபடி. குண்டு கீழே விழும். முன்னால் இரண்டு அடுக்கு அட்டை. நடுவில் ஓர் அங்குலத் துண்டுகளாக வெட்டிய பழைய சைக்கிள் டியூப், இறுக்கமாக.

டியூப் துண்டுகள் நாளடைவில் அமுங்கி மேலே வெற்றிடம் விழும். அங்கே பட்டால் குண்டு நேராகத் தகட்டில் மோதும். அதனால் மேல்மூடியைத் திறந்து அடிக்கடி நிரப்புங்கள். கிழிந்த அட்டையை உடனே மாற்றுங்கள். 4.5 மி.மீ. ஈயக் குண்டு மட்டும். இரும்பு உருண்டை கூடவே கூடாது, கடுமையாகத் தெறிக்கும்.

பெட்டிக்குப் பின்னால் ஆளுயரச் செங்கல் சுவர் கட்டாயம். வேலியோ வாழைத்தோப்போ போதாது. சுடும் தூரம் 10 மீட்டர், பாதுகாப்புக் கண்ணாடி அணிந்தே சுட வேண்டும். சிதறிய ஈயத்தைக் கோழி கொத்தாமல் பொறுக்கிவிட்டு, சோப்பு போட்டுக் கைகழுவுங்கள்.