பாஸ்வேர்டு மேல் பழி போடும் முன்: எஃப்டிபி இணைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முகூர்த்த மாதங்களில் சுரண்டை, வள்ளியூர், திசையன்விளை, அம்பாசமுத்திரம் ஸ்டுடியோக்களிலிருந்து பாளையங்கோட்டைக்குக் கல்யாண ஆல்பம் ஷீட்டுகள் வந்து குவியும். பென்டிரைவைக் கவரில் போட்டு பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடும் பழக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை. ஆனாலும் பலர் இப்போது, நெட் வழியே கோப்பு அனுப்பும் எஃப்டிபி முறையில், ஆல்பம் அச்சடிக்கும் லேபின் சர்வருக்கு நேராக ஏற்றிவிடுகிறார்கள். ஏறாவிட்டால் எங்களைப் போல சர்வர் பார்த்துக்கொள்கிறவர்களுக்குப் போன் வரும். "அண்ணாச்சி, பாஸ்வேர்டு தப்புன்னுல்லா வருது, மாத்தித் தாங்க." திரையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னால், அதில் பாஸ்வேர்டைப் பற்றிப் பெரும்பாலும் ஒரு வார்த்தைகூட இருக்காது. 'கனெக்‌ஷன் டைம்டு அவுட்' என்று இருக்கும்.

எல்லாப் பிழையையும் பாஸ்வேர்டு தலையில் கட்டுவதுதான் முதல் தவறு. கோப்பு அனுப்பும் மென்பொருளும் சர்வரும் ஒன்றையொன்று அடைவது ஒரு வேலை. எதிரில் இருப்பது உண்மையான சர்வர்தானா என்று உறுதி செய்வது இன்னொன்று. நீங்கள் யார் என்று சர்வர் கேட்டுச் சரிபார்ப்பது அதற்கு அடுத்தது. அதன்பிறகுதான் கோப்பு போவதற்கான வழி திறக்கும். நான்கும் தனித்தனியாகக் கெட்டுப்போகக் கூடியவை, ஒவ்வொன்றுக்கும் பிழைச் செய்தியும் வேறு.

மென்பொருளின் மேல்பகுதியிலோ கீழ்ப்பகுதியிலோ ஓடும் அந்தப் பொடி எழுத்து வரிகளை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். 'டைம்டு அவுட்' என்றால் அந்தப் பக்கத்திலிருந்து பதிலே வரவில்லை. முகவரி தப்பாக இருக்கலாம், அல்லது நெட்வொர்க்குக்குக் காவல் இருக்கும் ஃபயர்வால் ஒன்று நடுவில் சத்தமில்லாமல் விழுங்கியிருக்கலாம். 'ரெஃப்யூஸ்டு' என்றால் பெரும்பாலும் அந்தக் கம்ப்யூட்டர் வரை போய்விட்டீர்கள், நீங்கள் தட்டிய போர்ட்டில், அதாவது எண் போட்ட அந்த வாசலில், எந்த சேவையும் ஓடவில்லை. எஃப்டிபியில் சர்வர் 220 என்று வணக்கம் சொல்லும். நீங்கள் யூசர் பெயரைச் சொன்னதும் 331 என்று பாஸ்வேர்டு கேட்கும். சரியாக இருந்தால் 230, இல்லையென்றால் 530. அதாவது 331 வராதவரை சர்வர் உங்களிடம் பாஸ்வேர்டு கேட்கவே இல்லை. கேட்காத பாஸ்வேர்டு எப்படித் தப்பாகும்?

மூன்று பெயர், மூன்று வேறு ஆட்கள்

எஃப்டிபி, எஃப்டிபிஎஸ், எஸ்எஃப்டிபி. கேட்க ஒன்றுபோல இருப்பதால் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டுக் காத்திருப்பது சர்வசாதாரணம்.

எஃப்டிபி பழைய ஆள். 1971-இல் எம்ஐடியில் இருந்த அபய் பூஷண் எழுதிய குறிப்பிலிருந்து தொடங்கியது. இன்று நாம் பயன்படுத்தும் வடிவம் 1985-இல் நிலைபெற்றது. நெட்வொர்க்கில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் நம்பிய காலத்துச் சரக்கு அது. யூசர் பெயரும் பாஸ்வேர்டும் எந்தப் பூட்டும் இல்லாமல் அப்படியே கம்பியில் போகும். மண்டபத்து வைஃபையில் உட்கார்ந்து எஃப்டிபியில் லாகின் செய்தால், அதே வைஃபையில் விஷயம் தெரிந்தவர் இருந்தால் உங்கள் பாஸ்வேர்டை எழுத்துப் பிசகாமல் படித்துவிட முடியும்.

அதே எஃப்டிபிக்கு டிஎல்எஸ் என்ற பூட்டைப் போட்டால் எஃப்டிபிஎஸ். இதில் இரண்டு விதம். வழக்கமான 21-ஆம் போர்ட்டில் சாதாரணமாகப் பேச்சைத் தொடங்கி, பிறகு பூட்டிக்கொள்வது எக்ஸ்பிளிசிட். 990-ஆம் போர்ட்டில் முதல் எழுத்திலிருந்தே பூட்டியபடி பேசுவது இம்ப்ளிசிட். எஸ்எஃப்டிபி இந்தக் குடும்பமே இல்லை. இன்னொரு கம்ப்யூட்டருக்குள் பூட்டிய வழியில் நுழைய 1995-இல் ஃபின்லாந்தில் தாத்து இலோனன் உருவாக்கிய எஸ்எஸ்எச் வழியில் வந்தது, ஓடுவது 22-ஆம் போர்ட்டில். அவர் இருந்த ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் யாரோ பாஸ்வேர்டுகளை ஒட்டுக்கேட்டதுதான் எஸ்எஸ்எச் பிறக்கவே காரணம்.

எஃப்டிபி பேசுகிறவர் 22-ஐத் தட்டினால், 220 வர வேண்டிய இடத்தில் எஸ்எஸ்எச் என்று தொடங்கும் வரி வந்து நிற்கும். ஃபைல்ஜில்லா மாதிரி மென்பொருள் இதைக் கண்டுபிடித்துச் சொல்லிவிடும், எல்லாம் அப்படிச் சொல்லாது. ஆகவே சர்வர் விவரம் தருகிறவர் முகவரி, யூசர், பாஸ்வேர்டு மூன்றோடு நிறுத்தக் கூடாது. எந்த நெறிமுறை, எந்த போர்ட் என்பதையும் சேர்த்து எழுதித் தர வேண்டும். பிரவுசரில் முகவரியைத் தட்டிப் பார்த்துவிட்டு "சர்வர் டவுன்" என்று முடிவு கட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஃபயர்ஃபாக்ஸ், குரோம் இரண்டுமே 2021-இலேயே எஃப்டிபியைக் கைவிட்டுவிட்டன.

லாகின் ஆகிவிட்டது, ஃபோல்டர் மட்டும் வரவில்லை

அதிகம் படுத்தி எடுப்பது இதுதான். 230 வந்துவிடும், 'லாகின் சக்சஸ்ஃபுல்' என்றும் இருக்கும். ஃபோல்டர் பட்டியல் எடுக்கப் போகும் இடத்தில் நின்றுவிடும், இருபது முப்பது நொடி கழித்து அறுந்துபோகும்.

எஃப்டிபிக்கு இணைப்பு ஒன்றல்ல, இரண்டு. பேச்சுக்கு 21. ஃபோல்டர் பட்டியலானாலும் சரி, படமானாலும் சரி, அது போக ஒவ்வொரு முறையும் தனியாக இன்னொரு இணைப்பு திறக்க வேண்டும். அதை யார் திறப்பது என்பதில்தான் ஆக்டிவ், பேசிவ் என்ற இரண்டு முறைகள். ஆக்டிவில் உங்கள் கம்ப்யூட்டர் "என்னுடைய நம்பர் இது, நீ கூப்பிடு" என்று சொல்லிவிட்டுக் காத்திருக்கும். ஆனால் அது கொடுக்கும் நம்பர் கடைக்குள் மட்டும் செல்லும் இன்டர்காம் நம்பர். வெளியில் இருக்கும் சர்வர் அதை எத்தனை தடவை கூப்பிட்டாலும் மணி அடிக்காது. ரௌட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் பெரும்பாலோருக்கும் இதே நிலைதான். அதனால் மென்பொருளில் பேசிவ் முறையை வையுங்கள்.

சரி, பேசிவ் வைத்தும் வரவில்லை என்றால்? அப்போது தவறு பெரும்பாலும் சர்வர் பக்கம். 227 என்று தொடங்கும் வரியைத் தேடுங்கள். அடைப்புக்குள் ஆறு எண்கள் இருக்கும், உதாரணமாக 192,168,1,10,195,80 என்று. முதல் நான்கும் முகவரி. கடைசி இரண்டும் போர்ட்: 195-ஐ 256-ஆல் பெருக்கி 80-ஐக் கூட்டினால் 50000. "192.168.1.10-க்கு வா, 50000-ஆம் போர்ட்டைத் தட்டு" என்கிறது சர்வர். ஆனால் 192.168 என்று தொடங்குவது லேபுக்குள் இருக்கும் முகவரி. வள்ளியூரில் இருக்கிறவர் அந்த முகவரிக்குப் போனால் அவர் கடைக்குள்ளேயேதான் சுற்றிக்கொண்டிருப்பார்.

ஃபைல்ஜில்லா இந்த அசட்டுத்தனத்தைக் கண்டுகொண்டு, சர்வரின் வெளி முகவரியையே எடுத்துக்கொள்ளும். பழைய மென்பொருள்கள் சொன்னதை அப்படியே நம்பும். "பக்கத்துக் கடைக்கு மட்டும் போகுது, எனக்கு மட்டும் போக மாட்டேங்குது" என்ற புகாரில் பலவற்றுக்கு வேர் இங்கேதான். சர்வர் வைத்திருப்பவர் செய்ய வேண்டியது மூன்று. பேசிவ் பதிலில் எந்த வெளி முகவரியைச் சொல்ல வேண்டும் என்று அமைப்பில் எழுத வேண்டும். பேசிவ் போர்ட்டுகளை 50000 முதல் 50100 வரை என்பது போல ஒரு எல்லைக்குள் கட்ட வேண்டும். அதே எல்லையை ஃபயர்வாலிலும் ரௌட்டரிலும் திறந்துவிட வேண்டும். வெறும் 21-ஐ மட்டும் திறந்துவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்து போவதால்தான் ஞாயிற்றுக்கிழமை போன் அடிக்கிறது.

இதில் ஒரு கொக்கி உண்டு. பல ரௌட்டர்கள் எஃப்டிபி பேச்சை நடுவில் படித்து, உள் முகவரியை வெளி முகவரியாகத் திருத்திக் கொடுக்கும். அதனால் தவறான அமைப்பு இருந்தும் வருஷக்கணக்கில் ஓடியிருக்கும். ஒருநாள் பாதுகாப்புக்காக டிஎல்எஸ் போடுவீர்கள், பேச்சு பூட்டப்படும், ரௌட்டரால் படிக்க முடியாது, ஃபோல்டர் பட்டியல் நின்றுவிடும். "டிஎல்எஸ் போட்டதால்தான் கெட்டுச்சு" என்று அதை எடுத்துவிடுவார்கள். கெட்டது முன்பே கெட்டிருந்தது, ரௌட்டர் மறைத்து வைத்திருந்தது, அவ்வளவுதான்.

எஸ்எஃப்டிபியில் இந்தக் கூத்து எதுவும் இல்லை. பேச்சும் கோப்பும் 22 என்ற ஒரே வழியில். புதிதாக சர்வர் போடுகிறவர் யாராவது கேட்டால் வேறு யோசனையே வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

கடையிலேயே சர்வர் வைக்கிறவர்களுக்கு இன்னொன்று. ரௌட்டர் பக்கத்தைத் திறந்து, அதற்கு வெளியிலிருந்து கிடைத்திருக்கும் ஐபி முகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால், இணைய சேவை தரும் நிறுவனம் உங்களையும் வேறு பல வாடிக்கையாளர்களையும் ஒரே பொது ஐபிக்குப் பின்னால் வைத்திருக்கிறது. அங்கே வெளியிலிருந்து வருவதை சர்வருக்குத் திருப்பிவிட ரௌட்டரில் எத்தனை போர்ட் ஃபார்வர்டு போட்டாலும் வெளியாள் உள்ளே வர முடியாது. உங்களுக்கே உரிய, மாறாத பொது ஐபியை (ஸ்டாட்டிக் ஐபி) கேட்டு வாங்க வேண்டும், அல்லது சர்வரை வாடகைக்கு வெளியில் எடுக்க வேண்டும். அப்புறம், சர்வரைச் சோதிக்க கடை வைஃபையிலிருந்து பார்த்துவிட்டு "ஓடுது" என்று சொல்லக் கூடாது. வைஃபையை அணைத்து, போன் டேட்டாவில் பாருங்கள்.

சர்வர் யார் என்று நீங்களும் கேட்க வேண்டும்

எஸ்எஃப்டிபியில் முதல்முறை இணையும்போது, சர்வரின் அடையாளச் சாவிக்குரிய ஒரு நீளமான ஃபிங்கர்பிரிண்ட்டைக் காட்டி, இதை நம்பலாமா என்று கேட்கும். படிக்காமல் ஓகே அழுத்துவது கிட்டத்தட்ட எல்லோருக்கும் உள்ள வழக்கம். பாஸ்வேர்டு போவது அதற்குப் பிறகு. எதிரில் இருப்பது வேறு யாராவது என்றால் பாஸ்வேர்டு அவர் கையில். சர்வர் வைத்திருப்பவர் ஃபிங்கர்பிரிண்ட்டை முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நிமிஷம் ஆகாது.

ஒருநாள் திடீரென்று 'சாவி மாறியிருக்கிறது' என்று பெரிதாக எச்சரிக்கை வந்தால், பழைய பதிவை அழித்துவிட்டு உள்ளே போகச் சொல்லும் அறிவுரை இணையம் முழுக்கக் கிடைக்கும். முதலில் போனை எடுத்துக் கேளுங்கள். சர்வரை மறுபடி இன்ஸ்டால் செய்திருந்தால் ஆம் என்பார்கள். அப்படிச் செய்யும்போது அந்த அடையாளச் சாவி இருக்கும் பழைய ஹோஸ்ட் கீ கோப்புகளைக் காப்பி எடுத்துத் திரும்ப வைத்திருந்தால் இந்த எச்சரிக்கையே யாருக்கும் வந்திருக்காது. அடிக்கடி மாற்றி, "பரவால்ல, ஓகே குடுங்க" என்று பழக்கிவிட்டால், நிஜமாகவே ஆள்மாறாட்டம் நடக்கும் நாளிலும் ஓகேதான் கொடுப்பார்கள்.

எஃப்டிபிஎஸ்ஸில் இதே வேலையைச் சான்றிதழ் செய்கிறது. பெயருக்குப் பதில் ஐபியைத் தட்டினால் சான்றிதழில் உள்ள பெயரோடு பொருந்தாமல் எச்சரிக்கும். பழைய கம்ப்யூட்டர்களில் வேறொரு வேடிக்கை: மதர்போர்டில் இருக்கும் காசு போன்ற பேட்டரி தீர்ந்துபோய், ஒவ்வொரு கரண்ட் கட்டுக்குப் பிறகும் தேதி பல வருஷம் பின்னால் போய்விடும். அன்றைய தேதிக்கு உங்கள் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை, ஆகவே செல்லாது. தேதியைச் சரிசெய்து, அந்தச் சின்ன பேட்டரியை மாற்றினால் போதும்.

நிஜமாகவே 530 வந்தால்

இப்போதுதான் பாஸ்வேர்டின் முறை. வாட்ஸ்அப்பிலிருந்து காப்பி செய்யும்போது கடைசியில் ஒரு இடைவெளி ஒட்டிக்கொண்டு வரும். போனில் தட்டினால் யூசர் பெயரின் முதல் எழுத்து தானாகப் பெரிய எழுத்தாகிவிடும், லினக்ஸ் சர்வருக்குப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறுவேறு. இரண்டும் சரி என்றால் சர்வர் பக்கம் பாருங்கள். யூசருக்குக் கொடுத்த ஷெல் (கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்) சர்வரின் அனுமதிப் பட்டியலில் இல்லாவிட்டால், பாஸ்வேர்டு சரியாக இருந்தும் விஎஸ்எஃப்டிபிடி என்ற எஃப்டிபி சர்வர் மென்பொருள் 530 சொல்லும்.

பாஸ்வேர்டை விட்டு எஸ்எஸ்எச் சாவிக்கு மாறுவது நல்லது. அது ஒரு ஜோடி: உங்களிடமே இருக்க வேண்டிய பிரைவேட் கீ, சர்வரில் வைக்கும் பப்ளிக் கீ. அதில் வரும் பெரிய தவறு, சாவி கேட்டால் பிரைவேட் கீயையே மெயிலில் அனுப்பிவைப்பது. அனுப்ப வேண்டியது பப்ளிக் கீ மட்டும். பிரைவேட் கீ வெளியே போய்விட்டால் அதைத் தூக்கி எறிந்துவிட்டுப் புது ஜோடி உருவாக்குங்கள். சர்வர் பக்கத்தில், யூசரின் ஹோம் ஃபோல்டரில் மற்றவர்கள் எழுத அனுமதி இருந்தால் ஓபன்எஸ்எஸ்எச் என்ற சர்வர் மென்பொருள் அந்தச் சாவியைச் சீந்தாது. காரணத்தை உங்களுக்குச் சொல்லாது, சர்வரின் லாகில் மட்டும் எழுதி வைக்கும். எஸ்எஸ்எச் ஃபோல்டருக்கு 700, சாவிப் பட்டியல் கோப்புக்கு 600 என்ற அனுமதி போதும். நேற்றுவரை ஓடிய பழைய மென்பொருள் சர்வர் அப்டேட்டுக்குப் பிறகு சாவியை ஏற்கவில்லை என்றால், 2021-இல் வந்த ஓபன்எஸ்எஸ்எச் 8.8 ஆர்எஸ்ஏ வகைச் சாவிகள் பழைய எஸ்எச்ஏ-1 முறையில் போடும் டிஜிட்டல் கையெழுத்தை இயல்பாகவே நிறுத்திவிட்டதைச் சந்தேகியுங்கள். மென்பொருளைப் புதுப்பியுங்கள், அதற்காக சர்வரைப் பின்னுக்கு இழுக்க வேண்டாம்.

எல்லா ஸ்டுடியோவுக்கும் ஒரே யூசர், ஒரே பாஸ்வேர்டு என்ற ஏற்பாட்டையும் விட்டுவிடுங்கள். ஒரு கடையிலிருந்து ஆள் நின்றுபோனால் அத்தனை கடைக்கும் மாற்ற வேண்டிவரும், மாற்றவும் மாட்டோம்.

தவறான பாஸ்வேர்டைச் சேமித்து வைத்த ஆட்டோ அப்லோடு மென்பொருள் தானாகத் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டே இருப்பது கடைசி வகை. தவறாகத் தட்டுகிறவர்களைத் தடுக்கும் ஃபெயில்2பேன் என்ற காவல் மென்பொருள் சர்வரில் இருந்தால், அதன் இயல்பு அமைப்பில் பத்து நிமிஷத்துக்குள் ஐந்து தடவை தவறினால் அந்த ஐபியைப் பத்து நிமிஷம் தள்ளிவைக்கும். அதன்பிறகு சரியான பாஸ்வேர்டைப் போட்டாலும் உள்ளே விடாது, 'ரெஃப்யூஸ்டு' அல்லது 'டைம்டு அவுட்' என்று வரும். ஒரே பொது ஐபிக்குப் பின்னால் இருக்கும் அடுத்த ஊர் ஸ்டுடியோவும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும், அவர் ஒரு தப்பும் செய்திருக்க மாட்டார். மென்பொருளை முழுதாக மூடிவிட்டு, சேமித்த பாஸ்வேர்டைத் திருத்தி, தடை நேரம் முடிந்தபிறகு ஒரே ஒருமுறை முயலுங்கள். அவசரம் என்றால் உங்கள் பொது ஐபியை லேபுக்கு அனுப்பி, தடையை எடுக்கச் சொல்லுங்கள்.