பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் ஈசி போட்டுப் பாருங்கள்: வீடு விற்ற என் அனுபவம்

தாம்பரம் பக்கம் இருந்த எங்கள் வீட்டை விற்கலாம் என்று முடிவானதும் நான் முதலில் கூப்பிட்டது பெயின்டரைத்தான். ஆனால் புரோக்கர் அண்ணன் வந்ததும், "பெயின்ட் இருக்கட்டும் தம்பி, முதல்ல ஈசி போட்டுப் பாருங்க" என்றார்.

பதிவுத்துறை இணையதளத்தில் 30 வருடத்துக்கு ஈசி, அதாவது சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம் போன்றவற்றைக் காட்டும் வில்லங்கச் சான்று எடுத்தால், எப்போதோ அடைத்து முடித்த வீட்டுக் கடன் அடமானமாக அப்படியே நிற்கிறது! கடனை அடைத்தபோது வங்கியில் பத்திரத்தையும் நிலுவையில்லாச் சான்றையும் கொடுத்துவிட்டார்கள், ஆனால் ரசீது ஆவணம் என்று ஒன்றைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தால்தான் அந்த அடமானம் தீர்ந்ததாக ஈசியில் ஏறும் என்று யாரும் சொல்லவில்லை. வாங்குபவர் லோன் போடுபவராக இருந்தால் அந்த ஒரு வரியே போதும், அவருடைய வங்கி வக்கீல் ஃபைலைத் திருப்பி அனுப்பிவிடுவார்.

சரி என்று பழைய அடமான ஆவண எண்ணைக் குறித்துக்கொண்டு வங்கிக்குப் போனேன். ரசீது எழுதுவது பெரிய வேலையில்லை, கையெழுத்துப் போட வங்கி அதிகாரியைப் பதிவு அலுவலகத்துக்கு வரவழைப்பதுதான் பாடு. மூன்று முறை அலைந்தேன். அப்புறம் புது ஈசியில் ரசீது ஏறியதைப் பார்த்த பிறகுதான் மூச்சே வந்தது.

பட்டா ஏற்கெனவே என் பெயரில் இருந்தது, அது பெரிய நிம்மதி. வாஷிங் மெஷினுக்குப் பின்னால் ஓதம் ஏறி, நகத்தால் கீறினாலே உப்பாக உதிர்ந்த சுவரை மட்டும் பட்டி பூசி மறைக்காமல், குழாய்க் கசிவை அடைத்துப் புதுப்பூச்சு போட்டோம். பெயின்ட் கடைசியில்தான்.